ஒரு லிஃப்ட் ஓடினாலும்

காலை ஏழே முக்காலுக்கு
மூன்றாம் எண் ஜன்னலின் திரையை ஏற்றுகிறேன்.
கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.
அதன் வழியே எனக்கு வருவது
பணம், மூச்சின் ஆவி,
தினமும் அதே கேள்வி:
“எந்தப் பாஸ் எங்களுக்குச் சரியாக வரும்?”

என்னிடம் பதில் இல்லை, விலைப்பட்டியல் இருக்கிறது.
நான்கு மணி நேரம். ஒரு நாள். ஆறு நாள்.
எங்கள் ஊர்ச் சரிவு மட்டும்,
அல்லது கணவாய் தாண்டி மூன்று பள்ளத்தாக்கும்.
காப்பீடு தினம் மூன்று யூரோ, அது தனி.
எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இலவசம்
(போன வாரம் ஒருவர் அடையாள அட்டையை
நீட்டிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்,
பதக்கம் மாதிரி).

சனிக்கிழமை லில் நகரத்திலிருந்து ஒரு ஜோடி.
ஒடிலோன், ஏதோ கிடங்கில் கணக்கர்.
மாயெல், சிவப்புக் கையுறை, பேச்சு குறைவு.
அவன் பழைய ரசீதின் முதுகில்
வகுத்துக்கொண்டே வந்தான்:
முழுப் பாஸ் முன்னூற்று முப்பது,
நாளைக்கு இருபது இறக்கம் என்றால்
இறக்கத்துக்கு இரண்டே முக்கால்.
இருபத்தைந்து என்றால் இரண்டு இருபது.
“முப்பது என்றால்…”
“முழங்கால் என்றால்?” என்றாள் மாயெல்.

பின்னால் வரிசை
கனத்த காலணிகளில் கால் மாற்றி நின்றது.
நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.
“காற்றடித்தால் கணவாய் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள்.
உள்ளூர்ப் பாஸ் எடுங்கள்.
வானம் தெளிந்த நாளில்
மிச்சத்தைக் கட்டிக்கொள்ளலாம்.”
மலிவு மோதிரத்தை எடுத்துக் காட்டிய
நகைக்கடைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
“இவ்வளவு தூரம் வந்துவிட்டு?”

அவளுக்கு உள்ளூர். அவனுக்கு உலகம்.
அட்டை இரண்டும் ஒரே நீலம்,
வித்தியாசம் உள்ளே சில்லில்.

ஞாயிறும் திங்களும் மூன்று பள்ளத்தாக்கும் அளந்தான்.
திங்கள் மாலை கடைசி லிஃப்டைத் தவறவிட்டு
எண்பது யூரோ கொடுத்து மலையைச் சுற்றி வந்ததாக
டாக்சிக்காரன் ஃபிர்மென் சொன்னான்.
அது ரசீதில் ஏறியதா, தெரியாது.
சறுக்கியவன் கணக்குப் பார்த்தால்
உழக்குப் பனிகூட மிஞ்சாது.

செவ்வாய் இரவு காற்று திரும்பியது.
புதன் காலை பலகை முழுக்கச் சிவப்பு விளக்கு.
மேலே கணவாய் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.
ஓடியது ஒன்றுதான்:
பிள்ளைகள் பழகும் மேட்டின் இழுவைக் கயிறு,
அதற்கு டிக்கெட்டே கிடையாது.

ஒன்பது மணிக்கு ஒடிலோன் ஓட்டைக்குக் குனிந்தான்.
விதியை வாசித்தேன்:
ஒரு லிஃப்ட் ஓடினாலும் பணம் திரும்பாது.
“எது ஓடுகிறது?”
விரலை நீட்டினேன்.

நான்கு வயது மஞ்சள் மேலங்கிகள் ஒன்பது.
பத்தாவதாக, கயிற்றை இறுகப் பிடித்தபடி
ஒரு சிவப்புக் கையுறை.

மூன்று நாளும் அவள் அங்கேதான் என்று
பயிற்சியாளர் செவ்ரின் பிறகு சொன்னாள்.
வாங்கிய பாஸை ஒருமுறைகூடக் கதவில் காட்டவில்லை.
எந்தப் பாஸும் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.
‘எனக்கு வராது’ என்ற ஒரு சொல்லைச் சொல்லாமலிருக்க
நூற்றுத் தொண்ணூறு யூரோ கட்டியிருக்கிறாள்,
என்னிடம்,
நானும் மீதி எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.
பிறகு இறங்கிப் போய்
பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.
பழக்கத்தில் அவன் மார்புப் பை
இல்லாத கதவொன்றைத் தேடி முன்னே சாய்ந்தது.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
என்ன சொன்னாளோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்காது.
முதல் ஏற்றத்தில் விழுந்தது அவன்தான்.

எத்தனை முறை ஏறி இறங்கினார்கள் என்று
பதினேழுவரை எண்ணினேன்.
அதற்குள் ஒரு பெல்ஜியக் குடும்பம்,
ஐந்து பேர், ஈரக் குல்லாய்கள், அதே கேள்வி.
பட்டியலைத் தள்ளி வைத்தேன்.
“முதலில் சொல்லுங்கள்,” என்றேன்,
“உங்களில் யாருக்குப் பயம்?”

அப்பா எல்லோரையும் பார்த்தார்.
கடைசியில் மெதுவாக
அவருடைய கைதான் உயர்ந்தது.